பழைய தேக்கு நாற்காலிக்குப் புதுப் பாலீஷ்: எதை முதலில், எதைப் பிறகு

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பழைய வீடுகளில் கை வைத்த தேக்கு நாற்காலி ஒன்றாவது மூலையில் கிடக்கும். கால் ஆடும், மேலே எனாமல் பெயிண்ட் ஏறியிருக்கும், சாயும் பலகையில் தலை எண்ணெய் கருத்திருக்கும். அதைப் பட்டறைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சரிசெய்யும் முறை இது. கம்ப்ரசரும் ஸ்ப்ரே கன்னும் வேண்டாம். சில வாரப் பொறுமையும் ஒரு பழைய வேட்டியும் வேண்டும்.

வேலை கெடுவது பெரும்பாலும் கைத்திறன் குறைவால் அல்ல, வரிசை மாறுவதால். மரத்தை நனைக்கும் வேலைகள் எல்லாம் முதலில். மூட்டுகளை ஒட்டுவது அதற்குப் பிறகு. உப்புத்தாள் அதற்கும் பிறகு. ஒட்டிய பின் மரத்தை நனைத்தால் பசை இளகும். உப்புத்தாள் போட்ட பின் ஒட்டினால், பிதுங்கிய பசை வெளுத்த திட்டாகப் பாலீஷுக்கு அடியில் தெரியும்.

1. இந்த நாற்காலிக்கு இவ்வளவு வேலை தேவையா?

நாற்காலியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பெயிண்ட் படாத இடத்தில் மரத்தின் உண்மையான நிறம் தெரியும். பிளேடால் லேசாகச் சுரண்டினால் தேக்கில் எண்ணெய் கலந்த, தோல் போன்ற வாசனை வரும். பலா, வேங்கை, வேம்பு என்றாலும் இதே முறைதான். தேக்கின் எண்ணெய்க்காகச் செய்யும் துடைப்பு மட்டும் அவற்றுக்குத் தேவையில்லை.

அடுத்து, கறுப்புத் துணி ஒன்றை அடியில் விரித்து ஒரு வாரம் நகர்த்தாமல் வையுங்கள். மாவு போன்ற தூள் புதிதாக விழுந்திருந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. வைரம் பாய்ந்த தேக்கை அது பெரிதாகத் தொடாது. வெளிர் நிறப் பகுதியைத்தான் தின்னும். எண்ணெய் வகைக் கரைப்பானில் கலந்த மரப்பாதுகாப்பு மருந்தை ஊசிக்குழாயால் துளைகளில் ஏற்றி, பாலித்தீன் சுற்றி வையுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை ஏற்றுங்கள். கையுறை கட்டாயம். இதை இப்போதே செய்ய வேண்டும். பாலீஷ் போட்ட பின் துளைகள் அடைபட்டுவிடும், மருந்து உள்ளே போகாது.

மூட்டு ஆடவில்லை, பெயிண்ட் இல்லை, வெறும் அழுக்குதான் என்றால் 4-ஆம் பகுதியைச் செய்துவிட்டு நேராக மெழுகுக்குப் போங்கள். எதையும் அடி மரம் வரை சுரண்டியே ஆக வேண்டும் என்பது கடைக்காரர்கள் பழக்கிய ஆசை. பிளைவுட் மேல் மெல்லிய தேக்குத் தகடு ஒட்டிய நாற்காலியைச் சுரண்டவே சுரண்டாதீர்கள். தகடு அரை மில்லிமீட்டர் கூட இருக்காது, உப்புத்தாள் அதைத் தாண்டி அடிப்பலகைக்குப் போய்விடும்.

2. வாங்கி வைக்க வேண்டியவை

ஒரு நாற்காலிக்கான அளவு இது:

- அவலரக்கு (ஷெல்லாக் செதில்) 150 கிராம், பாலீஷ் ஸ்பிரிட் ஒன்றரை லிட்டர்
- உப்புத்தாள் 80, 120, 180, 220 எண்களில் தலா மூன்று, 320 வாட்டர் பேப்பர் இரண்டு
- பெயிண்ட் ரிமூவர் ஒரு லிட்டர் (பெயிண்ட் இருந்தால் மட்டும்)
- என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் அரை லிட்டர், டர்பன்டைன் அரை லிட்டர்
- மர வேலைக்கான ஃபெவிகால் 250 கிராம்
- ஆக்சாலிக் அமிலம் 100 கிராம் (கறுப்புக் கறை இருந்தால் மட்டும்)
- தேன்மெழுகு 100 கிராம், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும்
- பட்டித் தகடு, மரக் கொட்டாப்புளி, பழைய சைக்கிள் டியூப் இரண்டு, பஞ்சு, பலமுறை துவைத்த வேட்டி

அவலரக்கைச் செதில்களாகவே வாங்குங்கள். டப்பாவில் கரைத்து விற்கும் பாலீஷ் எப்போது கரைத்தது என்று தெரியாது. ஸ்பிரிட்டில் கரைந்த அரக்கு நாள்பட நாள்பட மெதுவாகக் காயும், கடைசியில் காயவே காயாது. ஊர்க் கடையில் செதில் கிடைக்காவிட்டால் சேலத்திலோ பெங்களூரிலோ பெரிய பெயிண்ட் கடைகளில் கேளுங்கள்.

பாலீஷ் ஸ்பிரிட் விஷம், எளிதில் தீப்பிடிக்கும். அதைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கக் கூடாது. வாங்கிய டப்பாவிலேயே, எழுத்து தெரியும்படி, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

3. நாளும் நேரமும்

தை முதல் மாசி வரை தோதான காலம். ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் அதிகம். ஸ்பிரிட் ஆவியாகும்போது மரத்தின் மேல்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அங்கே படிந்து, பாலீஷ் பால் போல வெளுத்துவிடும்.

சித்திரை, வைகாசியில் தர்மபுரி, அரூர், ஊத்தங்கரைப் பக்கம் நண்பகலில் பாலீஷ் போட முடியாது. துணி மரத்தைத் தொடுமுன் ஸ்பிரிட் பறந்துவிடும், கை இழுபடும். காலை ஆறரையிலிருந்து ஒன்பதரைக்குள் முடியுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தை, மாசியில் இதற்கு நேர்மாறு. அங்கே காலைப் பனி விலகி, பத்து மணிக்கு மேல்தான் தொடங்க வேண்டும்.

நிழலும் காற்றோட்டமும் உள்ள திண்ணை போதும். மின்விசிறி வேண்டாம், தூசியைக் கிளப்பும். கிரானைட் அறுக்கும் பட்டறைக்கு அருகில் வீடு என்றால், இயந்திரம் ஓடாத ஞாயிற்றுக்கிழமையைக் கடைசிப் பூச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

4. கழுவித் துடைத்தல்

பிரம்பு பின்னிய இருக்கை என்றால் அதன் சட்டத்தைக் கழற்றித் தனியே வையுங்கள். ரிமூவரும் தின்னரும் பிரம்பின் மேல் படக் கூடாது. பின்னல் தொய்ந்திருந்தால் அடிப்பக்கத்தில் வெந்நீர்த் துணியை அரைமணி நேரம் போட்டு நிழலில் காயவிடுங்கள், தானே இறுகும்.

வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு லிட்டரில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு தேக்கரண்டி. துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். குழாயடியில் வைத்து ஊற்றினால் மூட்டுக்குள் இறங்கும் தண்ணீர் காய வாரக்கணக்காகும். காய்ந்த பின் டர்பன்டைன் தொட்ட துணியால் பழைய மெழுகையும் பிசுக்கையும் எடுங்கள்.

தலை படும் இடத்தையும் கை வைக்கும் இடத்தையும் தனியாகக் கவனியுங்கள். தேங்காய் எண்ணெய் வருடக்கணக்கில் ஊறியிருக்கும். தின்னரால் துடைத்து, துணியை மாற்றி, மறுபடி துடையுங்கள். வெள்ளைத் துணியில் மஞ்சள் வராத வரை தொடருங்கள். இங்கே எண்ணெய் மிஞ்சினால் பாலீஷ் அந்த இடத்தில் மட்டும் சின்னச் சின்னக் குழிகளாக விலகி நிற்கும்.

காஸ்டிக் சோடா போட்டுக் கழுவச் சொல்பவர்கள் உண்டு. பெயிண்ட் கழன்றுவிடும், உண்மை. ஆனால் தேக்கு கருத்துவிடும், நார் சொரசொரவென்று எழும்பும், மரத்தில் மிஞ்சிய காரம் மேலே போடும் பாலீஷையும் அரிக்கும். வேண்டாம்.

5. மேலே இருப்பது என்ன என்று அறிதல்

அடிப்பக்கத்தில் யாருக்கும் தெரியாத இடத்தில் ஸ்பிரிட் ஒரு சொட்டு விட்டு அரை நிமிடம் கழித்து விரலால் தொடுங்கள். பிசுபிசுத்தால் அது பழைய அரக்குப் பாலீஷ். ஸ்பிரிட்டால் அசையாமல் தின்னரால் இளகினால் என்.சி. வகை. இரண்டுக்கும் அசையாவிட்டால் வார்னிஷ், மெலமைன், பி.யூ. (பாலியூரித்தேன்) இவற்றில் ஒன்று.

அரக்கு என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். புது அரக்கு பழைய அரக்கைக் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும். அங்கங்கே தேய்ந்திருந்தால்கூட முழுதும் சுரண்டத் தேவையில்லை. 320 தாளால் லேசாக உரசி மேலேயே போடலாம்.

6. பழைய பூச்சை எடுத்தல்

பொங்கலுக்குப் பொங்கல் எனாமல் அடித்த நாற்காலி என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பூச்சில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். காய்ந்த பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்துத் தூளாக்காதீர்கள். ரிமூவர் போட்டு ஈரமாகவே வழித்து, செய்தித்தாளில் மடித்துக் கட்டுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வீட்டில் இருந்தால் வேலை வெளியேதான்.

ரிமூவரைத் தடிமனாக ஒரே பக்கமாகத் தடவுங்கள். திரும்பத் திரும்பத் தேய்த்தால் மேலே உருவாகும் ஏடு உடைந்து மருந்து பறந்துவிடும். பாலித்தீன் போர்த்தி, டப்பாவில் சொன்ன நேரம் காத்திருங்கள். தள்ளினாலே வர வேண்டும். வரவில்லையென்றால் அழுத்தாதீர்கள், இன்னொரு முறை தடவுங்கள். பட்டித் தகட்டின் இரு மூலைகளையும் முன்னதாக அரத்தால் மழுக்கிவிடுங்கள், இல்லையென்றால் மரத்தில் கோடு விழும். கடைசல் கால்களுக்குச் சணல் கயிற்றைச் சுற்றி இருபக்கமும் மாற்றி மாற்றி இழுத்தால் பள்ளங்கள் சுத்தமாகும். முடிந்ததும் தின்னரால் இருமுறை துடையுங்கள். ரிமூவரில் உள்ள மெழுகு மரத்தில் மிஞ்சக் கூடாது.

7. கறுப்புக் கறை

ஆணியைச் சுற்றியும் ஈரச் சொம்பு வைத்த இடத்திலும் தெரியும் கறுப்பு, பெரும்பாலும் இரும்பும் மரத்தின் துவர்ப்புச் சத்தும் சேர்ந்து உண்டாவது. அது ஆழமாக இறங்கியிருக்கும். உப்புத்தாளால் தோண்டினால் பள்ளம்தான் மிஞ்சும். முதலில் ஆணியைப் பிடுங்குங்கள்.

ஆக்சாலிக் அமிலம் 50 கிராமை அரை லிட்டர் சூடான தண்ணீரில் பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். இங்கேதான் நம் மாவட்டத் தண்ணீர் காலை வாரும். இந்தப் பக்கத்து போர் தண்ணீர் கடினமானது. அதிலுள்ள கால்சியம் ஆக்சாலிக் அமிலத்தோடு சேர்ந்து கரையாத வெள்ளைப் பொடியாகி மரத்தின் நரம்புகளில் உட்கார்ந்துகொள்ளும். பாலீஷ் போட்டதும் சாம்பல் பூத்தது போல் தெரியும். பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரி தண்ணீரையே (பேட்டரி அமிலம் அல்ல, உப்பு நீக்கிய தண்ணீர்) வாங்கிக்கொள்ளுங்கள்.

கறையில் மட்டும் தடவினால் அந்த இடம் வெளுத்து வட்டம் தெரியும். அந்தப் பலகை முழுவதற்கும் தடவுங்கள். அரைமணியில் கறுப்பு மங்கும். பிறகு அதே நல்ல தண்ணீரால் மூன்று முறை துடைத்து, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்த தண்ணீரால் ஒருமுறை, வெறும் தண்ணீரால் மீண்டும் ஒருமுறை துடையுங்கள். அமிலம் மிஞ்சினால் பின்னால் உப்புத்தாள் போடும்போது அதன் தூள் மூக்கையும் தொண்டையையும் எரிக்கும். இது நஞ்சு. கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். இரும்பு நாரும் வேண்டாம், அதன் துணுக்குகள் ஈர மரத்தில் புதுக் கறுப்புப் புள்ளிகளாகும்.

இரண்டு முழு நாள் நிழலில் காயட்டும்.

8. மூட்டுகள்

கெடுத்துக்கொள்பவர்கள் அதிகம் கெடுத்துக்கொள்வது இங்கே. கால் ஆடினால் ஆணி அடிப்பது நம் வழக்கம். ஆணி கழுந்தை (துளைக்குள் செருகும் மர முனையை) பிளக்கும், ஆட்டம் நிற்காது, துரு கறுப்புக் கறையாகும். ஆடுவதற்குக் காரணம் பசை செத்துப்போனதும் கழுந்து தேய்ந்து துளை அகன்றதும்தான். இரண்டையும் ஆணி சரிசெய்யாது.

பிரிக்கும் முன் ஒவ்வொரு மூட்டின் இரு பக்கத்திலும் ஒரே எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். நான்கு காலும் ஒன்று போலத் தெரியும், துளைகள் ஒன்று போல இருக்காது. அடுத்து மூங்கில் ஆணியைத் தேடுங்கள். பழைய ஆசாரிகள் கழுந்தின் குறுக்கே மூங்கில் முளை அடித்திருப்பார்கள். பெயிண்டுக்கு அடியில் சிறு வட்டமாகத் தெரியும். அதை எடுக்காமல் கொட்டாப்புளியால் தட்டினால் கழுந்து முறியும். முளையைவிடச் சற்றுச் சிறிய கம்பியால் மறுபக்கம் தள்ளுங்கள். வராவிட்டால் துளையிட்டு எடுங்கள். உறுதியாக இருக்கும் மூட்டைப் பிரிக்கவே வேண்டாம்.

பழைய பசையை முழுதும் எடுக்க வேண்டும். ஃபெவிகால் மரத்தின் நாருக்குள் இறங்கித்தான் பிடிக்கும், காய்ந்த பசையின் மேல் பிடிக்காது. பழைய வச்சிரம் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய பசை) என்றால் வெந்நீர்த் துணி கால் மணி நேரம் போதும். ஃபெவிகால் என்றால் வெந்நீரில் வினிகர் கலந்து ஊறவையுங்கள். உளியால் சுரண்டும்போது பசையை மட்டும் எடுங்கள், மரத்தைச் சீவினால் கழுந்து இன்னும் மெலியும். பிறகு ஒரு நாள் காயவிடுங்கள்.

கழுந்தைத் துளையில் பசையில்லாமல் பொருத்திப் பாருங்கள். கையால் அழுத்தினால் போக வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது. தொளதொளவென்றால் இழைப்புளிச் சீவலை வெட்டிக் கழுந்தின் இரு அகலப் பக்கங்களிலும் ஒட்டிக் காயவிட்டு, பொருந்தும் வரை உரசுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் மூட்டு கோணும். மரத்தூளைப் பசையில் குழைத்துத் திணிப்பது வீண் வேலை, ஆறு மாதத்தில் பொடியாகும்.

தேக்குக் கழுந்தை ஒட்டுவதற்குச் சற்று முன் தின்னரால் துடைத்து உலரவிடுங்கள். மரத்தின் எண்ணெய் மேலே வந்து பசையைப் பிடிக்க விடாது. கழுந்திலும் துளையிலும் மெல்லிசாகத் தடவி, முதலில் முன்சட்டம், பிறகு பின்சட்டம், அதன் பின் இரண்டையும் இணைக்கும் குறுக்குக் கட்டைகள் என்று சேருங்கள்.

பெரிய கிளாம்ப் இல்லாவிட்டால் சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, இழுத்துச் சுற்றுங்கள். அழுத்தம் சீராக விழும், மரத்தில் தடமும் பதியாது. உடனே இருக்கைச் சட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். முன்பக்கம் அகன்ற இருக்கை என்றாலும் இரண்டும் சமமாக வர வேண்டும். வராவிட்டால் நீளமான மூலைவிட்டத்தில் கயிறு கட்டி முறுக்குங்கள். பிறகு கிரானைட் தரையில் நிறுத்துங்கள். நம் ஊரில் அதைவிட மட்டமான தளம் எளிதில் கிடைக்காது. ஒரு கால் தூக்கினால் அந்த மூலையிலும் அதன் எதிர் மூலையிலும் எடை வையுங்கள். பசை காய்ந்த பின் காலை அறுத்துச் சரிசெய்யக் கிளம்பினால் நாற்காலி குள்ளமாகிக்கொண்டே போகும்.

பிதுங்கிய பசையை ஈரத்துணியால் உடனே துடைத்து, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விடுங்கள். அதன் பின் புது மூங்கில் முளை அடியுங்கள்.

9. பட்டி

கடைப் பட்டி காய்ந்தபின் ஒரே நிறத்தில் நிற்கும், மரம் வேறு நிறத்தில் போகும். நாற்காலியின் அடிப்பக்கத்தை உரசிச் சேர்த்த தூளை, கெட்டியாகக் கரைத்த அரக்கில் குழைத்தால் நிறம் ஒத்துவரும். காய்ந்தால் சற்று அமுங்கும், அதனால் மேடாக வையுங்கள். ஆணித் துளைக்கும் சிறு விரிசலுக்கும் மட்டும். விரல் நுழையும் பள்ளத்துக்கு மரத்துண்டுதான்.

10. உப்புத்தாள்

தாளைக் கட்டையில் சுற்றி, நார் ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே விழுந்த கோடு வெறும் மரத்தில் தெரியாது, பாலீஷ் ஏறியதும் பளிச்சென்று தெரியும். ஆழமான கோடு இருந்தால் மட்டும் 80. மற்றபடி 120, 180, 220. எதையும் தாண்டாதீர்கள். ஒவ்வொரு எண்ணின் வேலையும் முந்தைய எண் போட்ட கோட்டை அழிப்பதுதான். 120-லிருந்து 220-க்குத் தாவினால் பழைய கோட்டின் மேல்முனை மட்டும் மழுங்கி, அடிக்கோடு தங்கிவிடும்.

180 முடிந்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். அமுங்கிக் கிடந்த நார்கள் எழும்பும். 220 அவற்றை வெட்டிவிடும். இருட்டில் டார்ச் விளக்கை மரத்தோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள், மிஞ்சிய கோடுகள் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும்.

கைப்பிடியின் முனையில் விரல் பட்டுத் தேய்ந்த வளைவை நேராக்க முயலாதீர்கள். புது நாற்காலி வேண்டுமென்றால் புதிதாகவே வாங்கிக்கொள்ளலாமே.

11. பாலீஷ்

முந்தின நாளே 150 கிராம் அவலரக்கை ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில், கண்ணாடிச் சாடியில் ஊறவையுங்கள். இரும்புப் பாத்திரம் அரக்கைக் கருக்கும். அவ்வப்போது கலக்குங்கள், இல்லையென்றால் அடியில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். அடுப்பில் சூடேற்றவே கூடாது. மறுநாள் வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டுப் பாருங்கள். கால் மணியில் நகம் பதியாத அளவு காய்ந்தால் நல்ல அரக்கு. பளபளப்புக்குச் சந்திரஸ் என்ற மரப்பிசினைச் சேர்க்கச் சொல்வார்கள். பளபளக்கும், ஆனால் பூச்சு நொறுங்கும் தன்மை அடையும். நாள்தோறும் உட்காரும் நாற்காலிக்கு வேண்டாம்.

முதல் பூச்சு பாதிக்குப் பாதி ஸ்பிரிட் கலந்து நீர்த்திருக்கட்டும், மரத்துக்குள் இறங்க வேண்டும். பிரஷ்ஷால் போடலாம். ஒரு மணி நேரம் கழித்து 320 தாளால் எடை கொடுக்காமல் தடவி, தூளைத் துடையுங்கள்.

இரண்டாவதிலிருந்து துணிப்பந்து. எலுமிச்சை அளவு பஞ்சைப் பாலீஷில் நனைத்து, வேட்டித் துணியால் சுருக்கமில்லாமல் மூடிக் கட்டுங்கள். காகிதத்தில் அழுத்தினால் ஈரம் பதிய வேண்டும், சொட்டக் கூடாது. மரத்தின் ஓரத்துக்கு வெளியே கையை ஓட்டத் தொடங்கி, பலகையைக் கடந்து, மறு ஓரத்துக்கு வெளியே எடுங்கள். நடுவில் நிறுத்தினால் துணி ஒட்டிக்கொண்டு, அடியில் உள்ள பூச்சையும் உரித்துவிடும். ஒரு ஓட்டத்தில் விட்டுப்போன இடத்துக்குத் திரும்பாதீர்கள், அடுத்த பூச்சில் அது மூடும். துணி இழுபட்டால் அதன் அடியில் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் ஒரே ஒரு சொட்டு தடவுங்கள்.

பூச்சுக்கும் பூச்சுக்கும் முக்கால் மணி நேரம். ஒரு நாளில் மூன்று பூச்சு போதும். மறுநாள் 320 தாளால் லேசாக உரசி இன்னும் மூன்று. அவசரத்தில் ஐந்தாறு பூச்சை ஒரே நாளில் ஏற்றினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், உட்கார்ந்ததும் சட்டையின் நெசவு முதுகுப் பலகையில் அச்சாகும். கடைசியாக, ஏறக்குறைய வெறும் ஸ்பிரிட் தொட்ட பந்தை மிக லேசாக ஓட்டினால் கோடுகள் கரைந்து சமமாகும்.

பூச்சு வெளுத்தால் அது ஈரம். வறண்ட நாளுக்குக் காத்திருந்து ஸ்பிரிட் பந்தை ஓட்டுங்கள், தெளியும். மறுநாளும் பிசுபிசுத்தால் அரக்கு பழையது. ஸ்பிரிட்டால் முழுதும் துடைத்தெடுத்துப் புதிதாகக் கரைப்பதைத் தவிர வழியில்லை.

லின்சீட் எண்ணெய் பட்ட துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது தானே சூடாகித் தீப்பிடிக்கும் எண்ணெய் அது, நம் கோடையில் இன்னும் சீக்கிரம். விரித்துக் கொடியில் காயவிட்டோ, தண்ணீரில் முக்கியோ பிறகு எறியுங்கள்.

ஒரு வாரம் யாரும் உட்கார வேண்டாம்.

12. மெழுகும் பிற்பாடும்

தேன்மெழுகு 100 கிராமைச் சீவி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த கிண்ணத்தில் உருக்குங்கள். 65 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். அடுப்பை அணைத்து, கிண்ணத்தை வாசலுக்குக் கொண்டுபோன பிறகே டர்பன்டைன் 200 மில்லி சேருங்கள். ஆறினால் வெண்ணெய்ப் பதம் வரும். மெல்லிசாகத் தடவி, கால் மணி கழித்து உலர்ந்த துணியால் தேயுங்கள். தடிமனாகத் தடவினால் தூசியைப் பிடிக்கும்.

சூடான டம்ளர், கை கழுவும் சானிடைசர், வாசனைத் திரவியம் மூன்றும் அரக்குக்கு ஆகாது. சாப்பாட்டு மேசைக்கு அதனால்தான் இந்தப் பாலீஷைச் சொல்லவில்லை, அதற்கு பி.யூ. தான் சரி. நாற்காலிக் கையில் வெள்ளை வளையம் விழுந்தால் இரண்டு நாள் காயவிடுங்கள், பாதி தானே போகும். மீதிக்கு, ஸ்பிரிட் தொட்டும் தொடாமலும் இருக்கும் பந்தால் அந்த இடத்தின் மேல் இரண்டு ஓட்டம், அரைமணி இடைவெளி விட்டு இன்னும் இரண்டு. பிறகு அந்தப் பலகைக்கு மட்டும் மெழுகு.